வெளிநாட்டு வேலையும் வெளியுறவுக் கொள்கையும்: பிலிப்பைன்ஸை முன்வைத்துச் சில கேள்விகள்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவருக்கு அங்கே அநியாயம் நடந்தால், சொந்த நாட்டு அரசால் என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியோடு பிலிப்பைன்ஸ் அளவுக்குப் போராடிய நாடு ஆசியாவில் வேறில்லை. தேசப் பாதுகாப்பு, பொருளாதாரம் இரண்டுக்கும் அடுத்தபடியாக, வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களின் பாதுகாப்பும் தன் வெளியுறவுக் கொள்கையின் மூன்றாவது தூண் என்று அறிவித்த நாடு அது. ஜெயித்ததும் உண்டு, கண்முன்னே தோற்றதும் உண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் அந்த அனுபவம் பயன்படும் என்பதால் இந்தக் கேள்வி பதில்.

ஒரு தொழிலாளியின் சம்பளப் பாக்கி எப்படி இரண்டு நாடுகளின் விவகாரமாகிறது?

முதலாளி அந்த நாட்டுக்காரர். சட்டம், போலீஸ், நீதிமன்றம், விசா எல்லாம் அந்த நாட்டினுடையவை. சொந்த நாட்டு அரசுக்கு அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டக்கூட அதிகாரமில்லை. அதன் கையில் இருப்பவை மூன்றுதான்: பேசலாம், ஒப்பந்தம் போடலாம், ஆள் அனுப்புவதை நிறுத்தலாம். மூன்றுமே வெளியுறவு சார்ந்த வேலைகள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. 2023-ல் வெளிநாட்டுப் பிலிப்பினோக்கள் வங்கிகள் வழியாக மட்டும் சுமார் 3,350 கோடி டாலர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் அது ஏறக்குறைய 8 விழுக்காடு. இந்தப் பணத்தை நம்பியிருக்கும் அரசுதான் 'ஆள் அனுப்ப மாட்டோம்' என்று மிரட்டவும் வேண்டியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் இது தெரியும்.

பிலிப்பைன்ஸ் எப்போது விழித்துக்கொண்டது?

ஆள் அனுப்புவதை அரசே ஒரு திட்டமாக நடத்தத் தொடங்கியது 1974-ல், அதிபர் மார்கோஸ் காலத்துத் தொழிலாளர் சட்டத்தோடு. உள்நாட்டில் வேலையில்லை, எண்ணெய் விலை ஏறியதால் வளைகுடாவில் வேலை குவிந்தது. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். 1988-ல் ஹாங்காங் சென்ற அதிபர் கொராசோன் அகினோ அங்கிருந்த பணிப்பெண்களை 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். புகழ்ச்சிக்குப் பஞ்சமில்லை, பாதுகாப்புதான் இல்லை.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 1995 மார்ச் 17. சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்த ஃப்ளோர் கான்டெம்பிளாசியோன் அன்று தூக்கிலிடப்பட்டார். டெலியா மாகா என்ற சக பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் 1991-ல் கொன்றார் என்பது வழக்கு. அவர் குற்றவாளியா இல்லையா என்ற வாதம் பிலிப்பைன்ஸில் இன்றும் ஓயவில்லை. ஆனால் அன்று மக்களைத் தெருவுக்கு இழுத்துவந்த கேள்வி வேறு: இத்தனை வருடம் நம் தூதரகம் என்ன செய்துகொண்டிருந்தது? தண்டனையை நிறுத்திவைக்கும்படி அதிபர் ராமோஸ் கேட்டும் பலனில்லை. இரு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்தன. வெளியுறவு அமைச்சர் ரொபெர்டோ ரோமுலோ பதவி விலகினார். தூக்கு நடந்து மூன்று மாதம் ஆவதற்குள், ஜூன் 7 அன்று, புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கையெழுத்தாகிவிட்டது.

அந்தச் சட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

குடியரசுச் சட்டம் 8042 என்பது அதன் பெயர். 2010-ல் 10022 என்ற எண்ணில் திருத்தம் வந்தது. தொழிலாளர் உரிமை காக்கப்படும் நாடுகளுக்கு மட்டுமே ஆள் அனுப்பலாம் என்கிறது இது. அந்த நாட்டில் தொழிலாளரைக் காக்கும் சட்டம் இருக்க வேண்டும், அல்லது பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது பிலிப்பைன்ஸோடு இருதரப்பு ஒப்பந்தமாவது வைத்திருக்க வேண்டும். ஆவணம் உள்ளவர், இல்லாதவர் இருவரையும் காக்க வேண்டியது அரசின் கடமை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் என் பார்வையில் இதன் உயிர், ஏஜென்சியையும் வெளிநாட்டு முதலாளியையும் கூட்டாகப் பொறுப்பாக்கும் பிரிவுதான். ஒரு பெண்ணை இரண்டு வருட ஒப்பந்தத்தில் அனுப்புகிறார்கள், எட்டாவது மாதத்தில் காரணமில்லாமல் விரட்டிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரியாத்தில் இருக்கும் முதலாளி மீது அவர் எங்கே போய் வழக்குப் போடுவது? மொழி தெரியாது, விசாவும் முடிந்துவிட்டது. இந்தச் சட்டப்படி அவர் மணிலாவில் இறங்கி, தன்னை அனுப்பிய ஏஜென்சி மீதே வழக்குப் போடலாம். முதலாளி தர வேண்டிய மொத்தத் தொகைக்கும் ஏஜென்சி பொறுப்பு. அதற்கு மணிலாவில் ஆபீஸ் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, அரசிடம் கட்டிய பிணைத்தொகை இருக்கிறது. எங்கும் ஓடிவிட முடியாது. ஏஜென்சிக்காரர் முதலாளியை அலசிப் பார்த்து ஆள் அனுப்புவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. மீதிக் காலம் எவ்வளவு இருந்தாலும், ஒப்பந்தத்தில் எஞ்சிய ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று மாதச் சம்பளம் போதும் என்ற வரம்பை ஏஜென்சிகள் பிடித்துக்கொண்டன. ஒரு கப்பல் ஊழியர் தொடுத்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. அதையே 2010 திருத்தத்தில் திரும்ப நுழைத்தார்கள். 2014-ல் நீதிமன்றம் மறுபடியும் அடித்துத் தள்ளியது.

தூதரகத்தால் நிஜமாகவே என்னென்ன செய்ய முடியும்?

நிறைய. வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்த்து முத்திரை வைக்கலாம். முதலாளியைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். தப்பி வந்தவரைத் தங்கவைத்துச் சாப்பாடு போடலாம், வக்கீல் வைக்கலாம், சிறையில் போய்ப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்திருந்தால் பயண ஆவணம் தரலாம். பிலிப்பினோக்கள் அதிகமுள்ள நாடுகளில் தூதரகத்தோடு ஒரு தொழிலாளர் மையமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. யார் எந்தத் துறையைச் சேர்ந்த அதிகாரியாக இருந்தாலும் எல்லோரும் தூதரின் கீழ் ஓரணியாக வேலை செய்ய வேண்டும். 'இது என் டிபார்ட்மென்ட் இல்லை' என்று தட்டிக்கழிக்கும் வழியை அடைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பல துறைகளில் சிதறிக்கிடந்த வேலைகளை ஒன்றாக்கி, புலம்பெயர் தொழிலாளருக்கென்றே ஒரு தனி அமைச்சகம் அமைக்கும் சட்டம் 2021 டிசம்பரில் வந்தது.

முடியாதது ஒன்று உண்டு. முதலாளியின் வீட்டுக்குள் நுழைய முடியாது. 2018 ஏப்ரலில் குவைத்தில் தூதரகத்தைச் சேர்ந்தவர்கள் வீடுகளிலிருந்து பணிப்பெண்களைத் தாங்களே அழைத்துவரும் வீடியோ வெளியானது. ஊரில் கைதட்டல் கிடைத்தது. குவைத்தோ தன் இறையாண்மையை மீறிவிட்டார்கள் என்று தூதரையே வெளியேற்றியது. அந்தப் பெண்கள் உதவி கேட்டது உண்மை, உள்ளூர் போலீஸின் உதவி போதவில்லை என்பதும் பலர் சொன்ன குறை. ஆனாலும் தூதர் இல்லாத தூதரகத்தால் குவைத்தில் மிச்சமிருந்த இரண்டரை லட்சம் பிலிப்பினோக்களுக்குத்தான் சிரமம்.

அப்படியானால் அந்தச் சண்டையில் பலன் ஒன்றுமில்லையா?

இருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில், ஒரு வருடத்துக்கும் மேலாகக் காணாமல்போயிருந்த ஒரு பணிப்பெண்ணின் உடல் குவைத் அடுக்குமாடி வீடொன்றின் ஃப்ரீசரில் கிடைத்தது. ஆள் அனுப்பத் தடை போட்டார் அதிபர் டுடெர்டே. ஏப்ரலில் தூதர் வெளியேற்றம். அதன் பிறகும் பேச்சு நிற்கவில்லை. மே 11 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கக் கூடாது, கைப்பேசியைப் பிடுங்கக் கூடாது, வார விடுப்பு உண்டு என்றெல்லாம் அதில் எழுதினார்கள். இவையெல்லாம் எழுதி வாங்க வேண்டிய விஷயங்களா என்று மனம் கொதிக்கத்தான் செய்கிறது. எழுதாத இடத்தில் கேட்கவே வழியில்லை என்பதுதான் நிலைமை.

ஆள் அனுப்பத் தடை போடுவது நல்ல வழியா?

பேரம் பேசும் வரைக்கும் சரி. அதையே கொள்கையாக வைத்துக்கொண்டால் கெடுதல் என்பது என் கருத்து.

விட்டுக்கொடுக்காமல் நின்றது பலித்த கதை ஒன்று. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 400 டாலராவது தர வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் 2006-ல் முடிவெடுத்தது. சவூதி அரேபியா மறுத்தது. 2011 ஜூலையில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா இரண்டு நாடுகளிலிருந்தும் பணிப்பெண்களை எடுப்பதையே சவூதி நிறுத்தியது. பிலிப்பைன்ஸ் இறங்கி வரவில்லை. 2012-ல் சவூதி 400 டாலருக்குச் சம்மதித்தது. 2013 மே மாதம் இரு நாடுகளும் வீட்டுப் பணியாளருக்கென்றே ஓர் ஒப்பந்தம் போட்டன.

அப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2015-ல் மாதம் 800 ரியாலுக்குப் பெண்களை அனுப்பச் சவூதியோடு கையெழுத்திட்டது வங்கதேசம். 400 டாலர் என்றால் 1,500 ரியால். அதே சமையலறை, அதே வேலை, பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்துப் பாதிச் சம்பளம். மலேசியாவிலும் இதுதான் நடந்தது. கொடுமைகளைக் காரணம் காட்டி இந்தோனேசியா 2009 ஜூனில் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியதும், மலேசிய ஏஜென்சிகள் கம்போடியாவுக்குத் திரும்பின. கம்போடியப் பெண்களுக்கும் அதே கதிதான். 2011 அக்டோபரில் கம்போடியாவும் தடை போட்டது. ஒரு நாடு கதவை மூடினால் பக்கத்து நாட்டின் ஏழைப் பெண் அந்த இடத்துக்குப் போகிறாள்.

தடை போட்ட நாட்டிலிருந்தும் ஆள் போவது நிற்பதில்லை. விசிட் விசாவில், மூன்றாவது நாடு வழியாகப் போகிறார்கள். சரிபார்த்த ஒப்பந்தம் கிடையாது, தூதரகத்தின் பதிவேட்டில் பெயரும் கிடையாது. அடி விழுந்தால் யாரிடம் சொல்வது?

வேலை தரும் நாடே தொழிலாளர்களைப் பணயமாக்கினால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2013 மே மாதம் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையினர் சுட்டதில் தைவான் மீனவர் ஒருவர் இறந்தார். பதிலுக்குத் தைவான், புதிதாகப் பிலிப்பினோக்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகஸ்டில் முறைப்படி மன்னிப்புக் கேட்ட பிறகே தடை நீங்கியது. மீன்பிடிக் கடல் தகராறுக்கும் தொழிற்சாலை வேலைக்குக் காத்திருந்தவருக்கும் என்ன சம்பந்தம்?

2023-ல் குவைத்தின் முறை. அங்கே ஒரு பணிப்பெண் கொல்லப்பட்டதும், முதல் முறை வீட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பிலிப்பைன்ஸ் நிறுத்தியது. மே மாதத்தில் குவைத் பிலிப்பினோக்களுக்குப் புது விசா தருவதையே நிறுத்தியது. 2024-ல்தான் அது விலகியது.

ஒரே ஒரு தொழிலாளிக்காக ஒரு நாடு தன் வெளியுறவு நிலைப்பாட்டையே மாற்றியதுண்டா?

உண்டு. 2004 ஜூலையில் ஈராக்கில் ஏஞ்சலோ டெ லா குரூஸ் என்ற லாரி ஓட்டுநர் பிணைக்கைதியாகப் பிடிபட்டார். பிலிப்பைன்ஸ் படையை வெளியேற்றாவிட்டால் தலையை வெட்டுவோம் என்றார்கள். அதிபர் அரோயோ, அங்கிருந்த ஐம்பது சொச்சம் வீரர்களைக் குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்பே திரும்ப அழைத்தார். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கடிந்துகொண்டன. ஓட்டுநர் உயிரோடு வீடு வந்தார். கடத்தல்காரருக்குப் பணிவதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1995-ஐப் பார்த்த எந்த மணிலா அரசும் வேறு முடிவெடுத்திருக்க முடியாது.

மரண தண்டனை வழக்குகளில் தூதரகத்தால் என்ன செய்ய முடியும்?

நேரத்துக்குத் தெரிந்தால் நிறைய செய்யலாம். 1963-ன் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி, கைதாகும் வெளிநாட்டவரிடம் 'உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை உனக்கு உண்டு' என்று தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தகவல் போக வேண்டும். முதல் சில நாட்கள்தான் முக்கியம், வாக்குமூலம் வாங்குவது அப்போதுதான்.

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005-ல் சவூதியில் அவர் கவனிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது என்பது குடும்பத்தின் வாதம். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். விசாரணையின்போது வக்கீல் இல்லை, சரியான மொழிபெயர்ப்பும் இல்லை. 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டது. இலங்கை தன் தூதரைத் திரும்ப அழைத்துக் கண்டனம் தெரிவித்தது, எல்லாம் முடிந்த பிறகு.

மேரி ஜேன் வெலோசோவின் கதை வேறு மாதிரி போனது. 2010-ல் இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தா விமான நிலையத்தில் அவர் பெட்டியில் 2.6 கிலோ ஹெராயின் பிடிபட்டது. தன்னை வேலைக்கென்று அழைத்துப்போனவர்கள் ஏமாற்றிக் கொடுத்துவிட்ட பெட்டி என்றார் அவர். 2015 ஏப்ரலில், சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு தண்டனை தள்ளிப்போனது. அவரைச் சேர்த்துவிட்ட பெண் பிலிப்பைன்ஸில் போலீஸிடம் சரணடைந்ததும், அவர் மீதான வழக்கில் மேரி ஜேன் சாட்சி என்று மணிலா வாதாடியதும்தான் காரணம். 2024 டிசம்பரில் அவரை இந்தோனேசியா பிலிப்பைன்ஸ் சிறைக்கு மாற்றியது. பிலிப்பைன்ஸில் மரண தண்டனை 2006-லேயே ஒழிந்துவிட்டது. மூன்று பிலிப்பைன்ஸ் அதிபர்களின் காலம் தாண்டி விடாமல் பேசிக்கொண்டே இருந்ததன் விளைவு இது.

ஆசியான் என்ன செய்திருக்கிறது?

கையெழுத்துகள் போட்டிருக்கிறது. ஆள் அனுப்பும் பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் ஆள் எடுக்கும் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே மேசையில் உட்காரும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பு அது. 2007 ஜனவரியில் செபு நகரில் புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான பிரகடனம் வந்தது. அதைச் செயல்படுத்தும் ஆவணத்தை எழுதவே பத்து வருடம் பிடித்தது. சட்டப்படி கட்டுப்படுத்த வேண்டும், ஆவணமில்லாதவர்களும் குடும்பத்தினரும் உள்ளே வர வேண்டும் என்று அனுப்பும் நாடுகள் கேட்டன. எடுக்கும் நாடுகள் அசையவில்லை. கடைசியில் 2017 நவம்பரில், பிலிப்பைன்ஸ் தலைமை வகித்த மணிலா உச்சி மாநாட்டில், 'கருத்தொருமிப்பு' என்ற பெயரில் கையெழுத்தானது. யாரையும் கட்டுப்படுத்தாது. உரிமைகள் பலவற்றுக்குப் பக்கத்திலேயே 'அந்தந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு' என்று வருகிறது. செபு பிரகடனமோ, ஆவணமில்லாதவர்களை முறைப்படுத்துவதாக இதில் எதையும் பொருள் கொள்ளக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது.

அதே ஆசியான், பொறியாளர், மருத்துவர், செவிலியர், கணக்காளர் போன்றவர்களின் தகுதியை ஒருவருக்கொருவர் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடுகளைச் செய்து முடித்துவிட்டது. வீட்டு வேலை, கட்டட வேலை, தோட்ட வேலை, மீன்பிடிப் படகு என்று போகும் பெருங்கூட்டத்துக்கு அதில் இடமில்லை.

ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் மாட்டேன். 2008 முதல் அரசு அதிகாரிகளும் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒன்றாக உட்காரும் கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. 2023-ல் இந்தோனேசியா தலைமை வகித்தபோது, கப்பல்களில் வதைபடும் மீன்பிடித் தொழிலாளர்களுக்கென ஒரு தனிப் பிரகடனம் வந்தது. அதுவும் கட்டுப்படுத்தாததுதான். ஆனால் அதுவரை அவர்களைப் பற்றி அங்கே தனியாக ஓர் ஆவணம்கூட இல்லை.

புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கென்று ஐ.நா. உடன்படிக்கை ஒன்று இருக்கிறதே?

1990-ல் நிறைவேறி 2003-ல் நடைமுறைக்கு வந்தது. பிலிப்பைன்ஸ் 1995-லும் இலங்கை 1996-லும் இந்தோனேசியா 2012-லும் ஏற்றன. இந்தியா ஏற்கவில்லை. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான், அமெரிக்கா, ஜெர்மனி ஒன்றுகூட ஏற்கவில்லை. அனுப்புகிறவர்கள் தங்களுக்குள் கையெழுத்திட்டுக்கொண்ட ஏடு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழி பரவாயில்லை. வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையை 2012-ல் உருகுவேக்கு அடுத்து ஏற்று, அது நடைமுறைக்கு வரக் காரணமான இரண்டாவது நாடு பிலிப்பைன்ஸ். கப்பல் தொழிலாளர் உடன்படிக்கைக்குத் தேவைப்பட்ட முப்பதாவது நாடும் அதுவே.

கஃபாலா முறை மாறியதா? மாறியது என்றால் யாரால்?

தொழிலாளியின் விசாவை முதலாளி கையில் கொடுக்கும் இந்த முறையில் கத்தார் பெரிய மாற்றங்கள் செய்தது. 2020 செப்டம்பர் முதல் முதலாளி அனுமதியின்றி வேலை மாறலாம், 2021 மார்ச் முதல் வீட்டுப் பணியாளர் உட்பட எல்லோருக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 1,000 கத்தார் ரியால். இதற்குப் பின்னால் இருந்தது அனுப்பும் நாடுகளின் தனித்தனிப் பேச்சு மட்டுமல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் 2014-ல் பதிவான புகாரும், உலகக் கோப்பைக் கால்பந்தால் உலகத்தின் கண் அங்கே இருந்ததும் சேர்ந்து செய்த வேலை. சவூதி 2021-ல் செய்த சீர்திருத்தம் வீட்டுப் பணியாளரை வெளியே விட்டுவிட்டது.

இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து பேரம் பேச முடியாதா?

அதற்கென்றே 2003-ல் கொழும்பு வழிமுறை என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆசியாவின் அனுப்பும் நாடுகள் பலவும் அதில் இருக்கின்றன. வளைகுடா நாடுகளையும் சேர்த்துப் பேச 2008-ல் அபுதாபி உரையாடல் வந்தது. இரண்டிலும் யாரையும் எதுவும் கட்டுப்படுத்தாது. இத்தனை வருடத்தில் இந்த நாடுகள் சேர்ந்து ஒரு பொதுக் குறைந்தபட்சச் சம்பளத்தை அறிவித்ததில்லை. என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய குறை இதுதான்.

2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில் வேலை பறிபோய்விடக் கூடாது என்று சொல்லி, வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை இந்தியா 30 முதல் 50 விழுக்காடு வரை குறைத்தது. தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2021 ஜூலையில் பழைய அளவுக்கே திரும்பியது. பக்கத்து நாட்டுக்காரர் இடத்தைப் பிடித்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும்வரை எல்லோரும் கீழேதான் இறங்குவார்கள்.

புது ஒப்பந்தம் கையெழுத்தானதாகச் செய்தி வந்தால் அதில் எதைப் பார்ப்பது?

முதலில், அது புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டுமா, இரு தரப்பையும் கட்டுப்படுத்துவதா என்று பாருங்கள். பிறகு, மாதிரி வேலை ஒப்பந்தம் இணைப்பாக இருக்கிறதா? ஊரில் காட்டிய ஒப்பந்தமும் போய் இறங்கியதும் நீட்டும் ஒப்பந்தமும் வேறாக இருப்பதுதான் பழைய மோசடி. மாதிரி ஒப்பந்தம் ஒன்றை இரு அரசுகளும் ஏற்றிருந்தால் இரண்டாவது தாளுக்கு மதிப்பில்லை என்று வாதாடலாம். ஏஜென்சிச் செலவு யார் தலையில் விழுகிறது, சம்பளம் வங்கிக் கணக்கில் போடப்படுமா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும் என்பவற்றையும் பாருங்கள்.

மீறினால் என்ன என்று எழுதியிருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவும் மலேசியாவும் வீட்டுப் பணியாளர் ஒப்பந்தம் போட்டன. மாதம் 1,500 ரிங்கிட், ஆள் எடுக்க ஒரே ஒரு வழி என்று பேச்சு. மூன்று மாதம் கழித்தும் மலேசியா வேறோர் ஆன்லைன் வழியைத் திறந்தே வைத்திருந்தது. ஜூலையில் இந்தோனேசியா ஆள் அனுப்புவதை நிறுத்தியது. சில வாரங்களிலேயே மலேசியா வழிக்கு வந்தது, ஆகஸ்டில் மறுபடி அனுப்பத் தொடங்கினார்கள். ஜகார்த்தாவில் யாரோ ஒருவர் அந்த ஒப்பந்தத்தைத் தினமும் கண்காணித்துக்கொண்டிருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் நாட்டில் அந்த வேலை எந்த அலுவலகத்துடையது, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள்.